எல்லையில் ரயில் ஏன் இவ்வளவு நேரம் நிற்கிறது, எப்படிக் குறைக்கலாம்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாடு விட்டு நாடு போகும் ரயில்களைப் பற்றிப் பேச்சு வந்தாலே வரும் கேள்விகள் இவை. பயணிகள் ரயிலைப் பற்றித்தான் அதிகம் சொல்லியிருக்கிறேன். சரக்கு ரயிலின் கதை கொஞ்சம் வேறு, அது பின்னால் வருகிறது.

எல்லையில் ரயில் நின்றதும் உண்மையில் என்னதான் நடக்கிறது?

ஒரே வேலை என்று நினைத்துவிட வேண்டாம். முதலில் கிளம்பும் நாட்டின் இமிக்ரேஷன், அப்புறம் அதே நாட்டின் சுங்கச் சோதனை. ரயில் சில கிலோமீட்டர் நகர்ந்து அடுத்த நாட்டின் முதல் நிலையத்தில் நிற்கும். அங்கே மறுபடியும் இமிக்ரேஷன், மறுபடியும் சுங்கம். இதற்கிடையில் இன்ஜினைக் கழற்றி வேறு இன்ஜின் மாட்டுவார்கள், லோகோ பைலட்டும் கார்டும் மாறுவார்கள், பிரேக் சோதனை நடக்கும், பெட்டிகள் ஓடத் தகுதியானவைதானா என்று அடுத்த நாட்டு ரயில்வே ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் ஏற்றுக்கொள்ளும். தண்டவாள அகலமும் வேறாக இருந்தால் அது தனிக் கூத்து.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ரயிலில் 450 பேர், ஆளுக்கு ஒன்றரை நிமிடம், 10 கவுன்ட்டர்கள் என்று வைத்துக்கொண்டாலும் ஒரு மணி நேரத்தைத் தாண்டுகிறது. இது ஒரு நாட்டின் பாஸ்போர்ட் சோதனைக்கு மட்டும். எல்லையோரச் சின்ன நிலையத்தில் 10 கவுன்ட்டர் எங்கே இருக்கப் போகிறது!

விமானத்தில் இந்தத் தொல்லை இல்லையே?

இருக்கிறது, ஆனால் இரண்டு முனைகளிலும் இருக்கிறது, நடுவில் இல்லை. எல்லைக் கோட்டுக்கு மேலே பறக்கும்போது விமானத்தை யாரும் நிறுத்தி பாஸ்போர்ட் கேட்க முடியாது. ரயிலை நிறுத்த முடியும், அதனால் நிறுத்துகிறார்கள். வழியில் எங்கு வேண்டுமானாலும் ஆள் ஏறி இறங்க முடியும் என்பதும் ஒரு காரணம், அதை மறுக்கவில்லை. ஆனால் இடையில் நிற்காத ரயிலுக்கு அந்தக் காரணம் பொருந்தாது.

சோதனையைப் புறப்படும் ஊரிலேயே முடித்துவிட்டால் எவ்வளவு நேரம் மிச்சமாகும்?

இதற்கு நம் பக்கத்திலேயே நல்ல உதாரணம் இருக்கிறது. கொல்கத்தா–டாக்கா மைத்ரி எக்ஸ்பிரஸ் 2008 ஏப்ரல் 14 அன்று, வங்காளப் புத்தாண்டு நாளில் ஓடத் தொடங்கியது. 1965 போரோடு நின்றுபோன ரயில் தொடர்பு நாற்பது வருடங்களுக்கு மேல் கழித்துத் திரும்பியதால் ஏகப்பட்ட எதிர்பார்ப்பு. தூரம் 400 கிலோமீட்டருக்கும் குறைவு. இரு பக்கமும் அகலப்பாதைதான், 1676 மில்லிமீட்டர். ஆகவே கேஜ் பிரச்சினையும் இல்லை. ஆனாலும் பகல் முழுக்க ரயிலிலேயே போனது. காரணம், எல்லை. இந்தியப் பக்கம் கேதே நிலையத்தில் எல்லோரும் பெட்டி படுக்கையோடு இறங்கி வரிசையில் நின்று, மறுபடி ஏறி, சிறிது தூரத்தில் வங்கதேசத்தின் தர்ஷனாவில் இறங்கி இன்னொரு முறை அதையே செய்ய வேண்டும். கைக்குழந்தையோடு வருபவர்களையும், வைத்தியத்துக்காகக் கொல்கத்தா வரும் நோயாளிகளையும் நினைத்துப் பாருங்கள்.

2017 நவம்பரில் இதை மாற்றினார்கள். கொல்கத்தாவின் சித்பூர் நிலையத்திலும் டாக்கா கன்டோன்மென்ட் நிலையத்திலும் இமிக்ரேஷன், சுங்கம் இரண்டையும் வைத்துவிட்டார்கள். ஏறும் முன் ஒரு நாட்டின் சோதனை, இறங்கிய பின் மற்ற நாட்டின் சோதனை. பயணி எல்லையில் இறங்க வேண்டியதில்லை. பயண நேரத்தில் ஏறத்தாழ 3 மணி நேரம் குறைந்தது. இதற்காகப் புதுத் தண்டவாளம் போடவில்லை, வேகத்தைக் கூட்டவில்லை. மேசை நாற்காலிகளை எல்லையிலிருந்து எடுத்து முனைகளில் போட்டார்கள், அவ்வளவுதான். 2022-இல் ஓடத் தொடங்கிய நியூ ஜல்பைகுரி–டாக்கா மிதாலி எக்ஸ்பிரஸுக்கும் இதே ஏற்பாடுதான்.

எனக்கு இதில் ஒரு வருத்தம். இந்த மாற்றத்துக்கு ஒன்பதரை வருடம் ஆனது. முதல் நாளிலிருந்தே இப்படிச் செய்திருக்கலாம்.

அப்போது காத்திருப்பு இடம் மாறுகிறதே தவிர குறைகிறதா என்ன?

இந்தச் சந்தேகம் நியாயமானது. குறைகிறது என்பதுதான் என் பதில், காரணம் இது. எல்லையில் சோதனை நடக்கும்போது முழு ரயிலும் கடைசிப் பயணிக்காகக் காத்திருக்கிறது. கல்யாணப் பந்தியில் கடைசி ஆள் மோர்சாதம் முடிக்கும் வரை அடுத்த பந்தி உட்கார முடியாது இல்லையா, அதே மாதிரி. ஒருவருடைய விசாவில் சிக்கல் என்றால் மற்ற எல்லோரும் ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். நிலையத்தில் சோதனை என்றால் ஒருவர் ஒரு மணி நேரம் முன்னால் வருவார், ஒருவர் அரை மணி நேரம் முன்னால் வருவார். முடித்தவர் உள்ளே போய் உட்காருவார். ஒருவருக்குச் சிக்கல் வந்தால் அவர் மட்டும் நிற்பார், ரயில் நேரத்துக்குக் கிளம்பிவிடும். இன்ஜினும் பெட்டிகளும் ஊழியர்களும் எல்லையில் சும்மா கிடக்காமல் அடுத்த நடைக்கும் போகலாம்.

ஆனால் இதற்கு விலை உண்டு. யூரோஸ்டார் ரயிலைப் பாருங்கள். லண்டன் செயின்ட் பாங்க்ராஸ் நிலையத்திலேயே பிரிட்டன், பிரான்ஸ் இரண்டு நாட்டுச் சோதனையும் முடிந்துவிடும். பாரிஸில் இறங்கினால் நேரே வெளியே நடக்கலாம். இதற்காக நிலையத்துக்குள் தனியாக அடைத்த கூடம், ஸ்கேனர், கவுன்ட்டர், காத்திருப்பறை எல்லாம் வேண்டும். பிரெக்சிட்டுக்குப் பிறகு ஒவ்வொரு பிரிட்டிஷ் பாஸ்போர்ட்டிலும் முத்திரை குத்த வேண்டி வந்ததும் அந்தக் கூடம் பிதுங்கியது. சில ரயில்களில் இருக்கைகளை விற்காமலே விட்டுவைத்தார்கள். இங்கிலாந்துக்குள்ளேயே வழியில் இருக்கும் ஆஷ்போர்டு, எப்ஸ்ஃப்லீட் நிலையங்களில் 2020 முதல் யூரோஸ்டார் நிற்பதே இல்லை. ஆம்ஸ்டர்டாம் கதை இன்னும் வேடிக்கை. 2018-இல் லண்டனிலிருந்து நேரடி ரயில் போனது, ஆனால் திரும்பி வருபவர்கள் பிரஸ்ஸல்ஸில் இறங்கிச் சோதனை முடித்து வேறு ரயில் ஏற வேண்டும். ஆம்ஸ்டர்டாமிலேயே சோதனைக்கு ஏற்பாடாகித் திரும்பும் பயணமும் நேரடியானது 2020-இல்தான்.

பெரிய ஊர்களை இணைக்கும், நடுவில் அதிகம் நிற்காத ரயிலுக்கு இந்த முறை அருமை. வழியெல்லாம் சின்ன ஊர்களில் நின்று போகும் ரயிலுக்கு ஒத்துவராது.

அப்படியானால் ஓடும் ரயிலிலேயே சோதித்தால் என்ன?

செய்யலாம், செய்தும் காட்டியிருக்கிறார்கள். ஹெல்சின்கிக்கும் செயின்ட் பீட்டர்ஸ்பர்குக்கும் இடையே 2010 டிசம்பரில் தொடங்கிய அல்லெக்ரோ ரயிலை நான் எல்லோருக்கும் சொல்வேன். ஃபின்லாந்து, ரஷ்ய அதிகாரிகள் ரயிலில் ஏறி, அது ஓடிக்கொண்டிருக்கும்போதே இருக்கை இருக்கையாக பாஸ்போர்ட் பார்த்தார்கள். இரு நாட்டுத் தண்டவாள அகலமும் கிட்டத்தட்ட ஒன்றுதான், 4 மில்லிமீட்டர் வித்தியாசம். மின்சாரம் வேறு: ஃபின்லாந்தில் 25 கிலோவோல்ட் மாறுமின்னோட்டம், ரஷ்யப் பக்கம் 3 கிலோவோல்ட் நேர்மின்னோட்டம். அந்த ரயில் இரண்டிலும் ஓடும். ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஆன பயணம் மூன்றரை மணி நேரமானது.

இதற்கு இருக்கைகள் எல்லாம் முன்பதிவாக இருக்க வேண்டும், கூட்டம் நின்றுகொண்டு வரக்கூடாது, கையடக்கக் கருவியில் பாஸ்போர்ட் விவரத்தைச் சரிபார்க்க வழியெங்கும் தகவல்தொடர்பு வேண்டும். அனுமதி மறுக்கப்பட்டவரை எங்கே இறக்குவது, எந்த ரயிலில் திருப்பி அனுப்புவது என்பதும் முன்கூட்டியே முடிவாகியிருக்க வேண்டும். பெரும்பாலான திட்டங்கள் இந்தக் கடைசிக் கேள்வியில்தான் மாட்டிக்கொள்கின்றன.

ஒரு நாட்டு அதிகாரி இன்னொரு நாட்டு மண்ணில் உட்கார்ந்து வேலை பார்க்கலாமா?

ஒப்பந்தம் இருந்தால் பார்க்கலாம். யூரோஸ்டாருக்கு 1991-இல் பிரான்ஸின் சங்காத் என்ற ஊரில் ஓர் ஒப்பந்தம் போட்டார்கள், ஆங்கிலக் கால்வாய்ச் சுரங்கப்பாதையின் இரு முகப்புகளுக்கானது. 2000-இல் ஒரு துணை ஒப்பந்தம் அதை நகர நிலையங்களுக்கும் விரித்தது. யாருக்குக் கைது செய்யும் அதிகாரம், எந்த அறைக்குள் எந்த நாட்டுச் சட்டம் என்பதுவரை எழுதி வைக்க வேண்டியிருக்கிறது.

எல்லா இடத்திலும் இது சுமுகமாக நடப்பதில்லை. ஹாங்காங்கின் வெஸ்ட் கவுலூன் அதிவேக ரயில் நிலையம் 2018 செப்டம்பரில் திறந்தபோது நிலையத்தின் ஒரு பகுதியில் சீனப் பெருநிலச் சட்டம் செல்லும் என்று வைத்தார்கள். பயணிக்கு வசதி, சந்தேகமில்லை. ஆனால் நகரின் நடுவே வேறு சட்டமா என்று பெரிய எதிர்ப்பு எழுந்து நீதிமன்றம் வரை போனது. மலேசியா–தாய்லாந்து எல்லையில் பாடாங் பெசார் நிலையம் இதற்கு நேர் எதிர். சத்தமே இல்லாமல் இரண்டு நாட்டு இமிக்ரேஷனும் ஒரே கட்டடத்தில் நடக்கிறது.

அரைகுறை ஏற்பாட்டுக்கும் ஓர் உதாரணம் சொல்லிவிடுகிறேன். கனடாவின் வான்கூவரிலிருந்து சியாட்டிலுக்குப் போகும் ரயிலுக்கு வான்கூவர் நிலையத்திலேயே அமெரிக்க அதிகாரிகள் பயணிகளைச் சோதிக்கிறார்கள். அப்படியும் எல்லை தாண்டியதும் பிளெய்னில் ரயில் சுங்கத்துக்காக நிற்கும் வழக்கம் போகவில்லை. இத்தனைக்கும் முழு முன்சோதனைக்கான ஒப்பந்தம் 2015-இல் கையெழுத்தாகி 2019-இல் அமலுக்கும் வந்துவிட்டது.

சிங்கப்பூர்–ஜொகூர் ரயில் எப்படி?

நம்மவர்கள் நிறையப் பேர் புழங்கும் பாதை, அதனால் தனியாகச் சொல்கிறேன். முன்பு மலேசிய ரயில் சிங்கப்பூரின் நடுவே தஞ்சோங் பகார் வரை வரும். 1998-இல் சிங்கப்பூர் தன் சோதனையை எல்லையோர உட்லண்ட்ஸுக்கு மாற்றியது, மலேசியா தஞ்சோங் பகாரிலேயே இருந்துவிட்டது. விளைவு, வடக்கே போகிறவர் சிங்கப்பூரை விட்டு வெளியேறும் முன்பே மலேசியாவுக்குள் நுழைந்துவிட்டதாக ஆகிவிடும்! 2011 ஜூலை 1 முதல் தஞ்சோங் பகார் மூடப்பட்டு இரண்டு சோதனையும் உட்லண்ட்ஸுக்கு வந்தபோதுதான் இந்தக் குழப்பம் தீர்ந்தது.

2015 முதல் உட்லண்ட்ஸுக்கும் ஜொகூர் பாரு சென்ட்ரலுக்கும் இடையே ஷட்டில் தெப்ராவ் ஓடுகிறது. ஐந்து நிமிடப் பயணம், டிக்கெட் கிடைப்பதுதான் கஷ்டம். இதற்கு அடுத்த கட்டம் உட்லண்ட்ஸ் நார்த்–புக்கிட் சாகார் ஆர்டிஎஸ் பாதை, சுமார் 4 கிலோமீட்டர். 2026 இறுதி வாக்கில் திறக்கும் திட்டத்தோடு கட்டப்பட்டது. மணிக்கு ஒரு திசையில் 10,000 பேர் வரை ஏற்றிச் செல்லும்படி வடிவமைத்திருக்கிறார்கள். ஏறும் இடத்திலேயே இரு நாட்டுச் சோதனையும் முடிந்துவிடும், இறங்கினால் நடையைக் கட்டலாம். இவ்வளவு கூட்டத்தை எல்லைக் கோட்டில் நிறுத்திச் சோதிப்பது நடக்காத காரியம்.

தண்டவாள அகலம் மாறும் இடங்களில் என்ன செய்கிறார்கள்?

ஐரோப்பாவின் பெரும்பகுதியிலும் சீனாவிலும் 1435 மில்லிமீட்டர், பழைய சோவியத் நாடுகளில் 1520. போலந்து–பெலாரஸ் எல்லையில் பிரெஸ்ட் நிலையத்தில் முன்பெல்லாம் பயணிகள் உள்ளே இருக்கும்போதே பெட்டிகளை ஜாக்கி வைத்துத் தூக்கி, கீழே உள்ள சக்கரத்தொகுதியை உருவிவிட்டு அடுத்த அகலத்துக்கானதைத் தள்ளுவார்கள். பார்க்க நன்றாக இருக்கும், இரண்டு மணி நேரம் போகும்.

இதற்கு மாற்று, அச்சிலேயே அகலத்தை மாற்றிக்கொள்ளும் சக்கரங்கள். ஸ்பெயினின் டால்கோ நிறுவனம் 1969-லேயே பிரான்ஸ் எல்லையில் போர்ட்போவில் இதை ஓட்டிக் காட்டியது. தண்டவாளத்தில் பதித்த ஒரு சாதனத்தின் மேல் ரயில் மெதுவாக ஊர்ந்து போகும். பூட்டு விடுபட்டு, சக்கரம் நகர்ந்து, மறுபடி பூட்டிக்கொள்ளும். 2016 டிசம்பரில் மாஸ்கோ–பெர்லின் பாதையிலும் இப்படிப்பட்ட ரயில் வந்தது. கன்டெய்னர் சரக்கு என்றால் இன்னும் சுலபம். கஜகஸ்தான் எல்லையில் கோர்கோஸிலும் போலந்தின் மாவஷெவிச்சேயிலும் பெட்டகத்தை மட்டும் கிரேனால் தூக்கி அடுத்த ரயிலில் வைத்துவிடுகிறார்கள்.

சரக்கு ரயிலைத் தாமதப்படுத்துவது எது?

பெரும்பாலும் காகிதம். மேற்கு ஐரோப்பா ஒரு சரக்குச் சீட்டுச் சட்டத்தின் கீழும், ரஷ்யா, சீனா உள்ளிட்ட நாடுகள் இன்னொன்றின் கீழும் இயங்குகின்றன. எல்லையில் ஒன்றைப் பார்த்து இன்னொன்றைக் கையால் எழுதுவார்கள், எழுத்துப்பிழை வந்தால் ரயில் நிற்கும். 2006-இல் இரண்டுக்கும் பொதுவான ஒரே சீட்டு அறிமுகமானது நல்ல திருப்பம்.

அடுத்தது பெட்டியைத் திறந்து பார்ப்பது. கொல்கத்தா, விசாகப்பட்டினம் துறைமுகங்களிலிருந்து நேபாளம் போகும் கன்டெய்னர்களுக்கு மின்னணுப் பூட்டு போடும் முறை வந்திருக்கிறது. வழியில் யாரும் திறக்கவில்லை என்பது பூட்டிலிருந்தே தெரியும் என்பதால் எல்லையில் மறுபடி கிளற வேண்டியதில்லை. அமெரிக்கா–மெக்சிகோ எல்லையில் லாரேடோவில் ரயில் மெதுவாக ஓடும்போதே காமா கதிர்க் கருவி ஒவ்வொரு வேகனையும் படம் பிடிக்கிறது.

அதே எல்லையில் கருவியெல்லாம் இருந்தும் ஆளில்லாமல் போன கதையும் உண்டு. 2023 டிசம்பரில் அகதிகளாக வந்தவர்களைப் பதிவு செய்ய அதிகாரிகளை அனுப்பியதால் ஈகிள் பாஸ், எல் பாஸோ ரயில் வழிகளை ஐந்து நாள் மூடிவிட்டார்கள். இரு பக்கமும் ரயில்கள் வரிசையாகத் தேங்கின.

ஐரோப்பிய ஒன்றியத்தின் ஷெங்கன் நாடுகளில் பாஸ்போர்ட் சோதனையும் இல்லை, சுங்கமும் இல்லை. அங்கேயும் சரக்கு ரயில் எல்லையில் நிற்கிறதாமே?

ஆமாம், மணிக்கணக்கில் நிற்கிறது. என்னைக் கேட்டால் இந்த விஷயத்தில் கவனிக்க வேண்டிய இடமே இதுதான். அடுத்த நாட்டு இன்ஜின் வந்து சேரவில்லை, ஓட்டுநருக்குப் பணி நேரம் முடிந்துவிட்டது, எல்லைக்கு அந்தப் பக்கம் பாதை காலியில்லை. இவையெல்லாம் ரயில்வேக்கள் தாங்களே உண்டாக்கும் தாமதம், போலீஸைக் குறை சொல்ல முடியாது.

மின்சாரம் ஜெர்மனி, ஆஸ்திரியாவில் 15 கிலோவோல்ட், இத்தாலியில் 3. பல மின்னழுத்தங்களில் ஓடும் இன்ஜின்கள் வந்தபிறகு ஆஸ்திரியா–இத்தாலி எல்லையின் பிரென்னர் கணவாயில் இன்ஜின் மாற்றாமலே போகலாம். ஆனால் ஓட்டுநர்? அந்தந்த நாட்டு மொழி பி1 என்ற இடைநிலைத் தேர்ச்சி அளவுக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்பது ஐரோப்பிய விதி. விமானிக்கு ஆங்கிலம் போதும், ரயில் ஓட்டுநருக்கு ஜெர்மனும் வேண்டும், இத்தாலியனும் வேண்டும். மொழிபெயர்ப்புக் கருவி வைத்து இதைச் சமாளிக்கவும் சோதனை நடந்திருக்கிறது.

கடைசி வேகனின் வால்விளக்கு இன்னொரு சங்கதி. சில நாடுகளில் ஒளி பிரதிபலிக்கும் தகடு போதும் என்றிருந்தது, சில நாடுகளில் எரியும் விளக்கே வேண்டும் என்றிருந்தது. அதை மாற்ற ஓர் ஆள் ரயிலின் நீளம் முழுக்க நடந்து போக வேண்டியிருந்தது. வேகன் பரிசோதனையில் மட்டும் நல்ல முன்னேற்றம்: கிளம்பிய இடத்தில் தகுதியான ஆள் பார்த்துக் கையெழுத்திட்டால் எல்லையில் மறுபடி பார்க்காமல் ஏற்றுக்கொள்ள ரயில் நிறுவனங்கள் தங்களுக்குள் உடன்பாடு வைத்திருக்கின்றன.

புதிதாகக் கட்டினால் எல்லாம் சரியாகிவிடுமா?

இல்லை. சீனா–லாவோஸ் பாதை 2021 டிசம்பரில் திறந்த பளபளப்பான பாதை, இரு பக்கமும் ஒரே அகலம். 2023 ஏப்ரலில் குன்மிங்–வியன்டியான் நேரடிப் பயணிகள் ரயில் ஓடத் தொடங்கியபோது, எல்லையின் இரு பக்கமும், போட்டெனிலும் மோஹானிலும், மூட்டை முடிச்சோடு இறங்கி ஏற வேண்டியிருந்தது. பத்தரை மணி நேரப் பயணத்தில் அதுவும் அடக்கம்.

இந்தியா–இலங்கைக்கு நடுவே போட் மெயில் காலத்தில் எப்படி இருந்தது?

பாம்பன் பாலம் திறந்த 1914 முதல் தனுஷ்கோடி வரை ரயில், அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பல், மறுபடி ரயில். 1964 புயலோடு தனுஷ்கோடி போனது. அந்தக் காலத்தில் சோதனையின் ஒரு பகுதி எல்லைக்கு வெகு முன்னாலேயே நடந்தது: தோட்டங்களுக்குப் போகும் தொழிலாளர்களைச் சோதிக்க சிலோன் அரசு மண்டபத்தில், இந்திய மண்ணில், முகாம் நடத்தியது. காலரா, அம்மை பயத்தில் அவர்களை அங்கே நாள் கணக்கில் தங்க வைத்தார்கள். ரயிலுக்கும் கப்பலுக்கும் தாமதமில்லை, தொழிலாளிக்குத்தான் தாமதம். முன்சோதனை என்றாலே பயணிக்கு நல்லது என்று நான் கண்ணை மூடிக்கொண்டு சொல்லாததற்கு மண்டபம் ஒரு காரணம்.

இவ்வளவு நன்றாக ஓடிய ரயில்கள் ஏன் நின்றுபோகின்றன?

அல்லெக்ரோ 2022 மார்ச்சில் நின்றது, உக்ரைன் போர் காரணம். மைத்ரியும் மற்ற இந்திய–வங்கதேச ரயில்களும் 2024 ஜூலையில், வங்கதேசக் கலவரத்தின்போது நிறுத்தப்பட்டன. 1976-இல் தொடங்கிய அட்டாரி–லாகூர் சம்ஜவுதா எக்ஸ்பிரஸ் 2019 ஆகஸ்டில் நின்றது. இவற்றில் ஒன்றுகூட சோதனை தாமதமானதால் நிற்கவில்லை. அல்லெக்ரோ தொழில்நுட்பத்தில் உச்சம், சம்ஜவுதா அட்டாரியில் எல்லோரையும் இறக்கிச் சோதிக்கும் பழைய பாணி. அரசியல் கெட்டபோது இரண்டுக்கும் ஒரே கதிதான்.

பயணியாக நான் செய்யக்கூடியது ஏதாவது உண்டா?

கொஞ்சம் உண்டு. டிக்கெட் எடுக்கும்போதே சோதனை எங்கே நடக்கும் என்று பாருங்கள். நிலையத்தில் என்றால் கவுன்ட்டர் மூடும் நேரம்தான் உங்கள் ரயில் நேரம், புறப்படும் நேரம் இல்லை. எல்லையில் இறங்க வேண்டிய ரயில் என்றால் நீங்களே தூக்கக்கூடிய அளவுக்கு மூட்டை கட்டுங்கள். விசாவில் எந்த எல்லை வழியாக, எந்த வாகனத்தில் என்று குறிப்பிட்டிருந்தால் அது உங்கள் ரயில் பாதையோடு பொருந்த வேண்டும், விமானத்துக்கு என்று வாங்கிய விசா ரயிலுக்குச் செல்லாமல் போகலாம். பாடாங் பெசார் வழியாகப் போகிறவர்கள் கடிகாரத்தையும் கவனியுங்கள்: மலேசிய நேரம் தாய்லாந்தைவிட ஒரு மணி நேரம் முன்னால், அடுத்த ரயிலின் டிக்கெட்டில் எந்த நாட்டு நேரம் போட்டிருக்கிறது என்று கேட்டுக்கொண்டு சாப்பிடப் போங்கள்.